நகம் இடறாமல்

ஜூலை. பன்னிரண்டரைக்கு மேல்
வெயிலில் வேலை கூடாதென்று சட்டம்.
தகரத்துக்குக் கீழே கூடும்.
டப்பாவில் நாற்பது நிமிடம் என்று எழுதிய எபாக்ஸி
பதினைந்தில் கல்லாகிவிடுகிறது.

அஜ்மான் சனையாவில் கதவு செய்யும் கடை.
வில் என் சொந்தக் கணக்கு.
ஞாயிறு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு.
முதலாளிக்குத் தெரியும்;
தெரியாதவர்போல் மின்சாரக் கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசுவார்.

மூங்கிலும் மேப்பிளும் சேர்த்து ஒட்டிய உடம்பு.
இரண்டு கைகளும் ஒரே அளவு வளைகின்றன, அளந்துவிட்டேன்.
பாக்கி இருப்பது நுனி,
சுண்டுவிரலில் ஒரு கணு,
நாண் வந்து உட்காருகிற இடம்.
வெறும் மரமென்றால் நாண் அறுத்துக்கொண்டு இறங்கும்.
ஆகவே மேலே ஒரு கொம்புத் துண்டு.
தொப்பி என்கிறேன் நான்.
வேறு பெயர் இருந்தால் இருக்கட்டும்.

கொம்பு கசாப்புக்கடையின் பின்பக்கம் கிடைத்தது, ஐந்து திர்ஹம்.
எந்த நாட்டு எருமையோ.
ராவினால் முடி கருகும் வாடை.
அடுத்த கடை குல்பதீன் வெல்டிங்கை நிறுத்திவிட்டுக் கேட்கிறான்:
இன்னாசி, யார் தலைக்குத் தீ வைத்தாய்?

கண்ணாடித் தட்டில் உப்புத்தாளை விரித்து
ஒட்டும் முகத்தைத் தேய்க்க வேண்டும்.
மரத்தோடு சேர்த்து விளக்குக்கு எதிரே பிடித்தால்
நடுவில் வெளிச்சம் ஒழுகக்கூடாது.
அசிட்டோனால் துடைத்தபின் தொடக்கூடாது.
புருவத்தில் துணி கட்டிக்கொண்டேன்,
வியர்வை ஒரு சொட்டு போதும்
எல்லாவற்றையும் கெடுக்க.

பசை இறுகியதும் அரம்.
வில்லின் கை மேல் மூன்று சுற்று டேப்.
டேப் கிழியத் தொடங்கினால் அரத்தை வை, உப்புத்தாளை எடு.
கொம்பு மெலிந்து, மெலிந்து,
எந்த இடத்தில் கொம்பு நின்றது
எந்த இடத்தில் மரம் தொடங்கியது என்று
சொல்ல முடியாமல் முடிய வேண்டும்.

முடிந்ததா என்று நகம்தான் சொல்லும்.
என் வலது கட்டைவிரலில் நகம் இல்லை,
இழைப்பு மெஷின் தின்றது, இரண்டாம் வருஷம்.
மற்ற விரல்களில் பசை காய்ந்து ஓடு கட்டியிருக்கிறது,
அவை எதையும் உணர்வதில்லை.

நவ்ஷாத் கரக் சாயா கொண்டுவந்தான்.
கையைத் துடை, இதில் நகத்தை ஓட்டிப் பார் என்றேன்.
மேலிருந்து கீழே ஓட்டினான். ஒன்றுமில்லை.
இடமிருந்து வலம்.
நின்றான்.
இவிடெ, என்றான்.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன்.
பசைக்கோட்டில் ஒரு மணல்.
நேற்றைய காற்று ஷட்டரின் அடியில் தள்ளிவிட்டுப் போனது.
அதைச் சுற்றி மயிரிழையாய் ஒரு வெள்ளை.

கதவென்றால் எனக்கு வழி தெரியும்.
மரத்தூளும் பசையும் பிசைந்து அடைத்து
மேலே பாலிஷ்.
ஒன்பது வருஷம் அந்தப் பிசைந்த உருண்டைக்குத்தான் சம்பளம்.
எத்தனை வில்லாக்களில் எத்தனை பேர்
என் பொய்யைத் திறந்து மூடுகிறார்கள்!
கதவு ஒன்றும் சொல்வதில்லை.

நாண் அப்படியில்லை.
ஒவ்வொரு அம்புக்கும் ஒருமுறை வந்து
அதே இடத்தில் அறையும்.

சூடு காட்டிக் கழற்றலாமா என்றால்
உடம்பின் ஒட்டுகளும் இளகிவிடும்.
ராவித்தான் எடுக்க வேண்டும், முழுசும்,
அரைநாள் ராவிய அதே கொம்பை
தூளாகும்வரை.
நவ்ஷாத் பாவம், தான் ஏதோ உடைத்துவிட்டதுபோல்
கண்ணாடி டம்ளர்களை எண்ணிக்கொண்டு நின்றான்.
காசை அதிகமாகக் கொடுத்தேன். வாங்கவில்லை.

மைஸூனுக்கு வாய்ஸ் அனுப்பினேன், உடைந்த அரபியில்:
வில் ஆயிற்று, நுனி ஆகவில்லை,
அடுத்த ஞாயிறு.
அவள் இடதுகைக்காரி. போட்டி இருபத்தொன்றாம் தேதி.
திட்டுவாள் என்று நினைத்தேன்.

அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்ததும்
போன் அதிர்ந்தது.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல்,
மஞ்சள் நிறம்,
அதற்கும் நகம் இல்லை.