நிலையாக எரிய வேண்டும்

ஏப்ரல் பிறந்தால் பைக்குகள் வரும்,
பனிக்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்கடியில் கிடந்தவை,
சைலன்சருக்குள் எலி கூடு கட்டியவை.
ஒவ்வொன்றையும் சோதித்து
முன் போர்க்கில் ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை.
லங்காஸ்டருக்குக் கிழக்கே, பால்பண்ணை வளைவில்,
க்ரைடர் கடை என்றால் யாரும் கைகாட்டுவார்கள்.

இன்று ஐனஸ் வாஸ்கோ.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
பிரேக்கைப் பிடி என்றேன்.
பிடித்தாள்.
பின்விளக்கு
மினுக், மினுக், மினுக், மினுக்,
அப்புறம் நின்று எரிந்தது,
நாலு தும்மல் போட்டுவிட்டு
ஒன்றுமே நடக்காதது போல உட்காரும் பிள்ளை மாதிரி.

கிரீஸ் படிந்த விதிப்புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம்.
திரும்பும் விளக்கு மினுக்கலாம்.
முகப்பு விளக்கு பகலில் துடிக்கலாம்,
இருட்டினால் அடங்கிவிட வேண்டும்.
சுழலும் சிவப்பும் நீலமும் போலீசுக்கு.
பின்னால் எரியும் சிவப்பு மட்டும்
நிலையாக எரிய வேண்டும்.
‘நிலையாக’ என்ற சொல்லுக்குக் கீழே
யாரோ பேனாவால் இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள்.
நானாகத்தான் இருக்கும்.

“அந்த ரிலேயைக் கழற்றணும்.”
“தெரியும்” என்றாள். “நாலே தடவைதான் மினுக்குது.”
“தெரியும்” என்றேன் நானும்.

லைலைப் பற்றி அவள் பேசவில்லை.
பேசியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.
போன ஆகஸ்டில், நட்டநடுப் பகலில்,
ரயில்வே கேட் முன்னால் அவள் தம்பி நின்றிருந்தான்.
பின்னால் வந்த பிக்கப்காரர்
போலீசிடம் சொன்னாராம்:
விளக்கு தெரிந்தது.
அது எப்போதும் அங்கேயே இருப்பது என்று நினைத்தேன்,
தானியக் கோபுரத்தின் உச்சியில் எரியுமே,
அந்த மாதிரி.

லைலின் வண்டிக்கும் ஸ்டிக்கர் நான்தான் ஒட்டினேன்.
பின்விளக்கு: சரி.
என் கையெழுத்து.
துளி நடுக்கமில்லாமல் எரிந்தது அது.

ரிலே தீப்பெட்டி அளவுகூட இல்லை.
அவள் உள்ளங்கையில் வைத்தபோது இன்னும் சூடு இருந்தது.
ஜாக்கெட் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.
மறுபடி பிரேக்கைப் பிடித்தாள்.
சிவப்பு.
ஐந்து எண்ணினேன், சிவப்பு. பத்து எண்ணினேன்,
சிவப்பு.
ஒட்டினேன்.
மீதிச் சில்லறையை வாங்காமல் கிளம்பினாள்.

வளைவில் ஒரு நிறுத்தப் பலகை உண்டு.
ஆமிஷ் குதிரைவண்டி ஒன்று
குறுக்கே போய்க்கொண்டிருந்தது,
முதுகில் விளக்குகள் மினுமினுக்க.
குதிரைக்கு வேறு புத்தகம்.
ஐனஸ் வேகத்தைக் குறைத்தாள்.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
மினுக். மினுக். மினுக். மினுக்.
நான் கழற்றியது
எப்படியோ ஊர்ந்துபோய்
பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டதோ என்றிருந்தது.
பிறகுதான் அவள் வலது பூட்ஸைப் பார்த்தேன்,
பெடலைத் தட்டிக்கொண்டிருந்தது.

விதி விளக்கைப் பற்றியது.
காலைப் பற்றி
அத்தனை பக்கத்திலும் ஒரு வரி இல்லை.

குதிரைவண்டி கடந்தபின்னும் அவள் நகரவில்லை.
கண்ணாடியில் எதையோ பார்த்தபடி இருந்தாள்.
பால் லாரி ஒன்று மேட்டிலிருந்து இறங்கியது.
தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.
லாரி நல்ல தூரத்திலேயே
பெருமூச்சு விட்டு நின்றது.
அப்போது காலை எடுத்தாள்.

அடுத்த பைக்கில் ஹாரன் வேலை செய்யவில்லை.