ஒண்ணு, ரெண்டு, நாலு

அவள் பேர் ட்ரைஃபீனா கோல்.
எங்கள் நாக்குக்கு அது திருப்பெண்ணா.
திருப்பூரில் திருப்பெண்ணா, பொருத்தம்தானே என்று சிரித்து
தானும் அப்படியே சொல்லப் பழகினாள்.

கால்சராய் போட்டிருப்பாள்.
மட்டக்குதிரையில் காங்கயம் ரோட்டில் வந்தால்
கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம்
ஆடு மேய்க்கிறவன் ஆட்டை மறந்து நிற்பான்.
எங்களில் ஒருத்திக்கும் ரவிக்கை கிடையாது.
அதை யாரும் பேசவில்லை.
அவள் காலுக்கொரு குழாய் மாட்டியதைத்தான்
சந்தைக்குச் சந்தை பேசினார்கள்.

நான் பாவாத்தாள்.
தாது வருசப் பஞ்சம் தின்னாமல் விட்டுப்போன பிள்ளை.
பஞ்சரவை மில்லில் வேலை,
விடிவெள்ளிக்குப் போய் விளக்கு வைத்தபின் வருவது.
உப்பம் பருத்தி கூரைவரை குவிந்த ஒரு நாள்
பஞ்சோடு பஞ்சாக என்ற வலக்கையும் உருளைக்குள் போனது.
வெள்ளைப் பொதி நனைவதைப் பார்த்து
மேஸ்திரி முதலில் பொதியைத்தான் நகர்த்தினான்.

ஆஸ்பத்திரி என்பது ஓடு போட்ட ஒரு சாளை.
மேசை. மண்ணெண்ணெய் விளக்கு. தச்சன் வைத்திருப்பது போல் ஒரு ரம்பம்.
தித்திப்பு வாடையடித்த துணியை மூக்கில் வைத்து
எண்ணச் சொன்னாள், கூடவே எண்ணினாள்.
ஒண்ணு, ரெண்டு, நாலு...
மூணு அவளுக்கு எப்பவும் தவறிப்போகும்.
திருத்த வாயெடுத்தேன்,
அதற்குள் தூங்கிவிட்டேன்.

அறுத்த கையை எங்கே புதைப்பது?
முழு ஆள் வரட்டும் பார்க்கலாம் என்றது மயானம்.
வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.
அவளே மண்வெட்டி எடுத்தாள்,
ஊஞ்ச மரத்தடியில் ஆழமாய் வெட்டினாள், நாய் கிளறாதபடி.

அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தாள்.
கலெக்டருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, சென்னப்பட்டணத்துக்கு ஒன்று.
பல்சக்கரத்துக்கு மூடி வேண்டும்.
பொழுது விழுந்தால் பொம்பளைக்கு வேலை கூடாது.
போன கைக்குப் பணம்.
மருந்து கொடுக்க அனுப்பினோம், மருந்தைக் கொடு
என்று மிஷனிலிருந்து பதில் வந்தது.
அந்தக் காகிதத்தில் எனக்குச் சூரணம் மடித்துத் தந்தாள்.

ஜமாபந்திக் கூடாரத்தில் விசாரணை.
பாவாடை கட்டி வந்தால்தான் உள்ளே விடுவேன் என்றான் டவாலி.
இதே கால்சராய்க்காக எங்கள் ஊரில்
ஒரு ராத்திரி லாக்கப்பில் இருந்திருக்கிறேன்,
நன்றாகத் தூங்கினேன் என்றாள் அவள்.
உள்ளே வரவில்லை. வெயிலில் நின்றாள்.
கூடாரத் துணியில் அவள் நிழல், இரண்டு கால் தனித்தனியாய்.

நான் ஒருத்திதான் போனேன்.
அத்தாட்சி என்ன என்றார் துரை.
கட்டை அவிழ்த்தேன்.
ரேகை வை என்றான் குமாஸ்தா.
எந்தக் கையில் என்று கேட்டேன்.
அவன் மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு ரூபாய் வந்தது.
பதினெட்டுச் சக்கரத்தில் ஒன்றுக்கு
பலகை மூடி வந்தது, என்ற கை போன சக்கரத்துக்கு.

இல்லாத கை ராத்திரியில் அரிக்கும், தெரியுமா?
பேய் என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள்.
திருப்பெண்ணாவிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை.
சின்ன வயதில், அவள் தேசத்துச் சண்டையில்,
கால் போன பையன்களுக்குத் தண்ணீர் கொடுத்தாளாம்.
பாதம் அரிக்கிறதென்று அழுவார்களாம்.
போர்வைக்குக் கீழே ஒன்றும் இல்லாத இடத்தை
விரலால் சொறிந்துவிடுவாளாம்.
தூங்கிப்போவார்களாம்.

மிஷன் அவளைத் திரும்பக் கூப்பிட்டது.
காரணம் கால்சராய் என்று எழுதியிருந்தது.
ஸ்டேசனில் மில்லுக்காரிகள் முப்பது பேர்,
அரைநாள் கூலியை விட்டுவிட்டு.
ரயில் புகை தெரிகிற நேரம் என்னை உட்காரவைத்தாள்.
மொட்டைக்கு அப்பால், வெறுங்காற்றில்,
கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாய்ச் சொறிந்தாள்.
ஒண்ணு, ரெண்டு, நாலு, அஞ்சு.

அப்போதும் திருத்தவில்லை.
வண்டி ஏறிவிட்டாள்.

நாலு விரல் அன்றைக்கே அடங்கிப்போனது.
மூணாவது மட்டும்
இன்னும் அரிக்கிறது.