முதல் அடி

டுலூத் மைதானமே எழுந்து நின்றது.
எலாடியோ பாய்ந்து, மார்பு புல்லில் தேய,
பந்தைக் கையுறைக்குள் அள்ளிவிட்டான்.

கூரை விளிம்பில் பன்னிரண்டு கேமராக்கள்
அசையவில்லை.
ஒடெஸா க்ரோலின் திரையில் வந்த கணக்கு:
நூறு முறை வந்தால்
தொண்ணூற்றைந்து முறை பிடிபடும் பந்து.
பாய்ச்சல்,
தாமதமாகக் கிளம்பியதற்குக் கட்டிய வட்டி.

போன வருஷம் இவன் பாய்ந்ததே இல்லை.
பந்து இறங்கும் இடத்தில் முன்னாடியே போய்
பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி நிற்பான்.
யாரும் கைதட்டியதில்லை.

ராத்திரி, ஆறிப்போன காபியோடு,
நாற்பது ஆட்டங்களைப் பின்னோக்கி ஓட்டினாள்.
ஓட்டம் குறையவில்லை. வழி கோணவில்லை.
முதல் அடி மட்டும்
ஜூனிலிருந்து இம்மி இம்மியாகப் பிந்துகிறது.
ஒரே ஒரு நாள் சரியாக விழுந்திருக்கிறது:
மழைக்குப் பயந்து ஆள் வராத அன்று,
மட்டையில் பந்து படுவது
பார்க்கிங் வரை கேட்ட அன்று.

கண்ணால் கிளம்புகிறவன் இல்லையா இவன்?

அறிக்கையில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம்.
எழுதினாள். அழித்தாள்.
பதிவை மறுபடி ஓட்டினாள்.

அரங்கு முழுக்கக் கைதட்டுகிறது.
எலாடியோ முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டுகிறான்,
தட்டிக்கொண்டே இருக்கிறான்.
லெஃப்ட் ஃபீல்டர் வந்து தோளைத் தொட்ட பிறகு
தொப்பியைத் தூக்குகிறான்.