தாசையன் 'அன்புள்ள' என்று எழுதமாட்டார்

ராத்திரி மூணு பத்துக்கு
தாசையன் எழுதியிருந்தார்:
'அன்புள்ள நண்பர்களே, நலமா?
மணிலாவில் இருக்கிறேன்.
பையும் பாஸ்போர்ட்டும் திருட்டுப் போய்விட்டன.
வெட்கத்தோடு கேட்கிறேன், அவசரமாகக் கொஞ்சம் பணம்.'
கீழே நீல நிறத்தில் ஒரு சுட்டி.

களியக்காவிளையைத் தாண்டினாலே
வயிறு கலங்குகிற மனுசன்.
பாறசாலைக் கல்யாணத்துக்குப் போய்
பந்திக்கு முன்னமே பஸ் ஏறியவர்.

எனக்கு மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஒரு ஜெராக்ஸ் கடை,
வீட்டுக்குப் பின்னால் ஒன்பது தேன்பெட்டி.
இருநூற்றுப் பதினோரு தேனீக்காரர்கள்
ஒருவருக்கொருவர் எழுதுவதெல்லாம்
என் கை வழியாகத்தான் போகும்.
யாரும் நியமிக்கவில்லை.
முதல் பாஸ்வேர்டு போட்டவள் நான்,
அவ்வளவுதான்.

தாசையனின் எழுத்து எனக்குத் தெரியும்.
'பெட்டி 14 ல ராணி இல்ல ஆருட்டயாவது உண்டா'
முற்றுப்புள்ளி வைக்கமாட்டார்.
வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது.
ஒருமுறை நலமா என்று கேட்டதற்கு
'எதுக்கு' என்று பதில் போட்டார்.

மூணரைக்கு மறுபடியும் அவர் பெயர்:
உடம்பு மெலிய ஒரு மாத்திரை.
நாலு மணிக்குப் பாகோடு ஸ்டீபன்சனும் எழுதத் தொடங்கினார்.
அவரும் மணிலாவில்.
ஒரு பெட்டியில் புழு செத்தால்
பக்கத்துப் பெட்டியையும் திறந்து பார்க்கணும்.

இரண்டு பேரையும் நிறுத்தினேன்.
பெயருக்கு நேரே சிவப்பில்
'தடுக்கப்பட்டவர்' என்று வந்தது.
தாசையன் வந்து நின்று பார்ப்பதுபோல இருந்தது.
வேகமாக அடுத்த பக்கம் போனேன்.

எல்லோருக்கும் எழுதினேன்:
'இது அவர்கள் இல்லை. நீலத்தைத் தொடாதீர்கள்.'
அனுப்பப் போகும்போது விரல் நின்றது.
இதை நான்தான் எழுதினேன் என்று
எதைக் கொண்டு நம்புவார்கள்?
கடைசியில் இன்னொரு வரி சேர்த்தேன்:
'ரப்பர் தளிர்த்தாச்சு, சட்டம் மாத்த மறக்காதுங்க,
சவத்து மழை வந்தா எல்லாம் போச்சு.'

அஞ்சு மணிக்கு அழைத்தேன்.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
குலசேகரத்தில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தார்.
'நா இஞ்ச நிக்கேன், நீ என்னத்தப் பிள்ளே பறையிய?'
பாஸ்வேர்டு என்ன வச்சிருந்தீங்க அண்ணே?
'ராணி 14.'
ஊருக்கெல்லாம் எழுதிச் சொன்ன ராணி.
'சவம், அது அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சு?'

துபாயிலிருந்து சோபிதராஜ்:
கவனம் இல்லாத ஆட்களை
ஒரேயடியாக வெட்டி விடுங்க அக்கா.

மத்தியானம் கருங்கல் றோஸ்லெட் டீச்சர் பேசினார்.
ஆறாயிரம் அனுப்பிவிட்டாராம்.
அவருக்கும் தாசையனுக்கும்
ஏழு வருசமாகப் பேச்சில்லை.
தாசையனின் பெட்டியிலிருந்து பிரிந்த கூட்டம் ஒன்று
டீச்சர் வீட்டு அயனிமரத்தில் போய் அடைந்ததில்
தொடங்கிய வழக்கு.

'அன்புள்ளன்னு பாத்ததுமே தெரியும்,
அது அந்த ஆளில்லேன்னு.'
பின்ன ஏன் டீச்சர்?
'ஒருவேளை அவருன்னா?'
மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.
பாங்கில் புகார் எழுதிக் கொடுக்கணும்,
பாஸ்புக் நகல் ரெண்டு வேண்டும், வருகிறேன் என்றார்.
ரெண்டு எடுத்தேன். காசு வாங்கவில்லை.

தாசையனிடம் சொன்னேன்.
'எம்புடு?'
ஆறாயிரம்.
'எனக்கா?'
உங்க பெயருக்கு.
போனை வைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள்
அவர் பெயரில் ஒன்று வந்து வாசலில் நின்றது.
காவல் ஈயைப்போல முகர்ந்து பார்த்தேன்:
'பெட்டி 14 இப்ப கொள்ளாம்
டீச்சருக்க அயனியில அடஞ்சது அவியளுக்கே இருக்கட்டு'
புள்ளி இல்லை. வணக்கம் இல்லை.
உள்ளே விட்டேன்.

பதினோரு நிமிசத்தில் டீச்சரின் பதில்:
'எழுத்துப்பிழை மூன்று.'