நாலு கை

குளிர்தண்ணீர்க் கோப்பையில் ஒரு துளி விட்டேன்.
கரைந்துபோனது.
இன்னும் ஆகவில்லை.

கொட்டாஞ்சேனை, நாலாம் மாடி,
லிஃப்ட் பழுதாகிப் பதினோராம் நாள்.
சீனி ஒரு கிலோ, கித்துல் பாணி அரைப் போத்தல்,
பட்டர், வினாகிரி ஒரு கரண்டி, உப்பு.
உப்பை இரண்டு தரம் போட்டேனோ என்ற சந்தேகம்
இப்போதுதான் வருகிறது.

ஆசிரியர் அறைக்குப் பதினெட்டுப் பொட்டலம்.
வேன்கார சிறிபாலவுக்கு, தபால் பொடியனுக்கு,
கோயில் பாடகர் குழுவுக்கு மொத்தமாய் ஒரு டப்பா.
கேக் வாங்கிக் கொடுக்கலாம்தான்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
கேக்கின் விலையை வாசித்தேன்,
பிறகு வீதியைக் கடந்து
பாணி வாங்கப் போனேன்.

இரண்டாம் துளி நூலாய் ஓடியது.
மூன்றாம் துளி
விரல்களுக்கிடையில் உருண்டு,
அமுக்க அமுங்கி,
விட்டதும் பழையபடி உருண்டையாகப் பார்த்தது.
மீள்தன்மை படிப்பித்த அன்று
பத்தாம் வகுப்புக்கு இதையல்லவா
கொண்டுபோயிருக்க வேண்டும்.

தட்டில் ஊற்றியாயிற்று.
இனி இழுக்க வேண்டும், ஆறிப்போவதற்குள்.
போன நத்தாருக்கு மறுமுனையில் ரெஜினோல்ட் நின்றார்.
இந்த நத்தாருக்கு அவர் தம்மாமில்
கொள்கலன் எண்ணுகிறார்.
மகனின் கை சூடு தாங்காது.
கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுத்தேன்,
கைப்பிடி கழன்று வந்தது.

எதிர்க் கதவு மிஸ்ரியாவுடையது.
ஓகஸ்ட்டிலிருந்து பேச்சில்லை.
அவளுடைய செருப்புத் தட்டு
பொதுநடையில் ஒன்றரை அடி நீட்டி நிற்பதாக
நிர்வாகக் குழுவுக்கு நான் எழுதினேன்,
அளவு குறித்து, படம் வரைந்து,
மும்மொழியிலும்.

பட்டர் பூசிய கையைத் தூக்கிக்கொண்டு
முழங்கையால் மணியை அழுத்தினேன்.
திறந்தாள். கையைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
எப்படியெல்லாமோ தொடங்கியிருக்கலாம்.
"ஆறுது" என்றேன்.

காப்புகளைக் கழற்றி
என் ஃபிரிட்ஜின் மேல் அடுக்கினாள்.

"சூடு ஈக்கிதே மிஸ்."
"விட்டிடாதீங்க."
"விடல்ல."

அவள் குழாயடிவரை பின்னால் போனாள்,
நான் ஜன்னல்வரை.
நடுவில் அது உடுப்புக்கொடிபோலத் தொய்ந்தது.
நிலத்தில் படுமுன் ஓடிவந்து
அவள் முனையை என் முனையில் மடித்து,
திரும்பவும் பிரிந்து,
திரும்பவும் வந்து.
சாயத் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது
பால் தேத்தண்ணியாயிற்று,
பிறகு புதுத் தும்புக் கயிறு,
பிறகு பெயர் சொல்லத் தெரியாத ஒரு மினுக்கம்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.
மழைச் சாரல் ஜன்னலால் அடித்தது,
பூட்ட யாரிடம் கை இருந்தது?

ஒருமுறை இருவரும் ஒரே நேரத்தில் இழுத்துவிட்டோம்.
அறுந்து, ஒரு துண்டு
பள்ளிக்கூட நேரசூசியின் மேல் போய் ஒட்டியது,
செவ்வாய்க்கிழமை முழுவதையும் மூடி.
மகன் நாற்காலியில் ஏறி
செவ்வாய்க்கிழமையைத் தின்றான்.

கத்தரிக்கோலால் வெட்டி
எண்ணெய்த்தாளில் சுற்றினோம்.
புறக்கோட்டைப் பரிசுக் கடையில்
ஆறு வருடம் பொதி கட்டியவளாம்.
அவள் சுற்றியது ஒவ்வொன்றும் மணப்பெண்,
என்னுடையவை முறிந்த சோக்குக் கட்டிகள்.

ஆளுக்கொன்று வாயில் போட்டோம்.
தாடை பூட்டிக்கொண்டது.
மேற்பல் கீழ்ப்பல்லை விடவில்லை.
நாலு மாதம் பேசாமலிருந்த எங்களுக்கு
இந்த நாலு நிமிடம் பேச முடியாதது
என்னவோ பெரிய அவஸ்தையாயிருந்தது.
கண்ணில் தண்ணீர் வர
ஒருவரையொருவர் பார்த்து மென்றோம்.

முதலில் வாய் திறந்தவள் அவள்தான்.
"உப்புக் கூட."

அழகாய்ச் சுற்றியதில் ஒன்றும் எடுக்கவில்லை.
வெட்டி மிஞ்சிய ஓரத் துண்டுகளை
பிள்ளைகளுக்கென்று கிண்ணத்தில் அள்ளினாள்.
காப்புகளைப் போட்டுக்கொண்டாள்.
கதவு சாத்தும் சத்தம்.
பிறகு அவள் வீட்டுக்குள் நாலு பேர்
ஒரேயடியாய் அமைதியாகும் சத்தம்.

காலையில் கடற்காற்று ஈரத்துக்குத்
தாள் எல்லாம் ஒட்டிப்போயிருந்தது.
பரவாயில்லை, தாளோடு சூப்பட்டும்.
டப்பாக்களோடு வெளியே வந்தேன்.
செருப்புத் தட்டு அங்கேயே நிற்கிறது,
ஒன்றரை அடி, ஒரு அங்குலமும் குறையாமல்.
கைப்பிடியில்லாத கதவைப் பூட்ட
இரண்டு கையும் வேண்டியிருந்தது.
டப்பாக்களை அதன்மேல் வைத்தேன்.