வ வரிசை

டிசம்பர் பிறந்தால் எனக்கு இந்த வேலை.
தில்லியில் ஒரு வருடம் சொன்னதையெல்லாம்
குழித்துறையில் நூற்றிருபது பக்கமாகச் சுருக்க வேண்டும்.
சீனியர் ஆண்டுதோறும் தமிழில் போடும் தீர்ப்புத் திரட்டு.
வக்கீல் சங்கத்தில் பாதிப்பேர் காசு தராமல் வாங்குவார்கள்,
மீதிப்பேர் அவர்களிடம் இரவல் வாங்குவார்கள்.

அகர வரிசை என் பொறுப்பு.
அ-வில் அனுபோக பாத்தியம்.
ஜ-வில் ஜாமீன், ஜாமீன், பின்னும் ஜாமீன்.
ஒரு காற்புள்ளி எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்பதற்கு
நாற்பத்தொரு பக்கம்.
அது ஆடியில் வந்தது.
வாவுபலிப் பொருட்காட்சி ஒலிபெருக்கி
வாழைக்கன்று விலை சொல்லிக்கொண்டேயிருக்க
இரண்டு தடவை வாசித்தும் பிடிபடவில்லை.
மகளுக்கும் பங்கு உண்டென்று மறுபடியும் சொன்னார்கள்.
இருபத்தாறு வருடம் உள்ளே கிடந்தவன்
மூலத்தில் அறுநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் நிரபராதி.
அறுநூற்றுப் பதினான்கில், அடிக்குறிப்பில்,
அவன் இறந்த தேதி.
இன்னொன்றில் மூன்று பேரில் ஒருவர் மாறுபட்டு எழுதியிருந்தார்.
இடவப்பாதி மழையில் கரண்ட் போன சாயங்காலம்
போன் வெளிச்சத்தில் அதை முழுக்கப் படித்தேன்.
மாறுபட்டதற்குத் திரட்டில் இடமில்லை,
சீனியர் கட்டளை.

லில்லிபுஷ்பத்தின் கேஸ் எந்தத் திரட்டிலும் வராது.
அருமனைக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக்குள் வீடு.
ரோட்டுக்கு இறங்க மூன்றடி வழி.
மாமனார் செல்லையன் தொடுத்த வழக்கு
முன்சீப் கோர்ட்டில் ஜெயித்து,
சப் கோர்ட்டில் தோற்று,
மதுரையில் பதினோரு வருடம் உட்கார்ந்து தோற்று,
ஒட்டுபால் விற்ற காசில் தில்லிக்குப் போனது.
இடையில் கமிஷனர் வந்து டேப் பிடித்தார்:
மேல்முனையில் மூன்றடி,
கீழ்முனையில் இரண்டே முக்கால்.
இடையில் மதில் வந்தது.
இடையில் அவள் புருஷன் ரசல்தாஸ் செத்துப்போனான்.
பெட்டியை மதில்மேல் தூக்கி வைத்து
சுற்றி ஓடி
மறுபக்கம் நின்று வாங்கினார்கள்.

கார்த்திகைக் கடைசியில் வந்த உத்தரவு
நான்கு வரி.
தாமதம் மன்னிக்கப்படுகிறது.
தலையிடக் காரணம் காணவில்லை.
தள்ளுபடி.
சட்டப் பிரச்சினை மட்டும் திறந்தே விடப்படுகிறது.

பால்வெட்டு முடித்து நேரே வந்திருந்தாள்.
விரல் இடுக்கில் உலர்ந்த பால் வெள்ளைத் தோலாய் உரிந்தது.
தமிழில் சொன்னேன். கடைசி வரியையும் சொன்னேன்,
அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"தொறந்தாக்கும் போட்டிருக்கு?" என்றாள்.
"ஆமா."
"எத்தற அகலம், பிள்ளே?"

அது வேறே திறப்பு என்று விளக்கத் தொடங்கினேன்.
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
மழை விட்டதா என்று வெளியே பார்ப்பதுபோல.
பீஸ் பாக்கி எண்ணூறை மேசையில் எண்ணி வைத்தாள்.
கட்டை முழுக்க எடுத்துப் போங்கள் என்றேன்,
இருபத்தொன்பது வருடக் காகிதம், நல்ல கனம்.
வேண்டாம் என்றாள்.
கமிஷனர் பிளானை மட்டும் உருவி எடுத்தாள்.
அதில் வழி நீலப் பென்சிலில் இன்னும் இருக்கிறது.
நாலாக மடித்து
பர்ஸில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

இன்று வ-வுக்கு வந்துவிட்டேன்.
எதிர்க்கடையில் ஸ்டார் விளக்கு எரியவிட்டுப் பார்க்கிறார்கள்,
ஒன்று எரிகிறது, மூன்று எரியவில்லை.
வழக்குச் செலவு, பக்கம் 88.
வழிப்பறி, 41.
வழிபாட்டுத் தலம், 93.
வழிப்பறிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் நடுவேதான்
வழிப்பாதை வர வேண்டும்.
இந்த வருடம் வழிப்பாதை பற்றி
அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை,
அதாவது அச்சிடத் தகுந்ததாக ஒன்றும்.

அந்த இரண்டுக்கும் இடையில் கர்சரை நிறுத்தி
ஒரு தட்டுத் தட்டினேன்.
புரூப் பார்க்கையில் சீனியர் கேட்பார்,
இதென்ன வெற்று வரி என்று.
டைப் அடிக்கையில் வந்த பிழை எனலாம்.
பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன்.
அரை சென்டிமீட்டர்கூட இல்லை.