உப்பு வண்டிகளின் அலைவரிசை

ஏரி மேலிருந்து பனி குறுக்கே குறுக்கே வந்து விழும்
ஜனவரி ராத்திரி.
ஈரி நகரத்துச் சாலைத்துறைக் கொட்டகையில் நான் மட்டும்.
எதிரே ஒரு மைக், ஒரு வரைபடம்,
ஏழு கலப்பை லாரிகளின் ஏழு குரல்கள்.

சாலையைப் பற்றி மட்டுமே பேசலாம் என்பது விதி.
பேசினார்கள்:
"வழித்தடம் பன்னிரண்டு. பாலத்துக்கு உப்பு போட்டாச்சு.
அப்புறம், அந்த இடதுகைப் பையனை வித்தாங்கன்னா
இந்த லாரியை நேரா ஏரிக்குள்ள விட்டுடுவேன்."

ஸ்டான்சாக்.
இருபத்தாறு வருடமாக சீசன் டிக்கெட் வாங்குகிறவர்,
அதில் ஒன்பது வருடம் கடைசி இடத்துக்கு.

பையனுக்குப் பத்தொன்பது.
பந்து தொண்ணூற்றெட்டு மைல் வேகத்தில் போகிறது.
எங்கே போகிறது என்பது வேறு விஷயம்.
போன ஆகஸ்டில் ஒன்று கேட்சரின் தலையைத் தாண்டி,
கொக்கு வேஷம் போட்டு ஆடிக்கொண்டிருந்தவரின்
அலகை உடைத்தது.

வழித்தடம் நான்கிலிருந்து ஒடெல் ப்ரூவிட்:
"விளையும் பயிர் முளையில தெரியுமாம்.
பதினோரு வருஷமா முளையையே காட்டுறாங்க.
சோறு எப்போ?"

அவருக்கு வேண்டியது கென்னார்ட்.
முப்பத்து நாலு வயது, முதல் பேஸ்,
போன வருடம் முப்பத்தொரு ஹோம் ரன்.
"அஞ்சு வருஷ ஒப்பந்தம் கேக்குறான்" என்றாள் பெர்னடெட்,
பள்ளத்தில் மாட்டிய பால் வண்டியை இழுத்துக்கொண்டே.
"அவன் முழங்காலை நீ பார்த்தியா?
அதுக்குத் தனியா ஒரு வக்கீல் வேணும்."

என் பதிவேட்டில் முன்பக்கம் சாலைகள்.
பின்பக்கத்திலிருந்து திருப்பினால் பையன்கள்.
ஹாஸ்லெட்: "அடுத்த பத்து வருடம் இவன்தான்" என்றார்கள்.
தோள் போய்விட்டது. கூரை வேய்கிறானாம், டெக்சாஸ் பக்கம்.
இரட்டையர்கள் இருவர், தப்பானவனை வைத்துக்கொண்டோம்.
இசிட்ரோ பாஸ்: மூன்று ஆட்டம், ஒரே ஒரு ஹிட்.
அந்த ஹிட்டை நான் நேரில் பார்த்தேன்.
மழை. மைதானத்தில் எண்ணூறு பேர் இருந்திருந்தால் அதிகம்.
இரண்டாம் பேஸில் நின்று
முட்டியிலிருந்த சேற்றைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவனைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

இரண்டே முக்காலுக்கு மரம் விழுந்தது,
பீச் தெருவில், மின்கம்பியோடு.
நாற்பது நிமிடம் வெறும் வேலை.
ரம்பம், கூம்பு, "பின்னால வா, பின்னால வா".
பிறகு மூச்சு வாங்கியபடி ஸ்டான்சாக்:
"முழங்கால்னு சொன்னியே, எந்த முழங்கால்?"

"அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்" என்றாள் பெர்னடெட்.
"இதுல அரசன் யாரு?" என்றார் ஒடெல்.
அதற்கு மட்டும் ஒரு மணி நேரம்.

ஐந்து இருபதுக்குச் செய்தி வந்தது. வாசித்தேன்.
பையனை விற்கவில்லை.
முழங்காலை வாங்கவில்லை.
கேட்சர் ரெண்டெல்லைக் கொடுத்துவிட்டார்கள்,
ராத்திரி முழுக்க யாருமே பெயரெடுக்காத ரெண்டெல்லை.
பதிலுக்கு மூன்று பையன்கள்.

ஏழு குரலும் இல்லை.
யாரோ பொத்தானிலிருந்து விரலெடுக்க மறந்திருந்தார்கள்:
இரும்பு தாரைச் சுரண்டும் சத்தம்,
வைப்பர் போய், வைப்பர் வந்து.

"உருப்படாத கொக்குகள்" என்றார் ஸ்டான்சாக் கடைசியில்.
குரல் கட்டியிருந்தது. லாரி ஏரிக்குப் போகவில்லை.
"அவன் கையுறை போட்ட ஒரு படம்
எம் பொண்ணு ரூம்ல இருக்கு."

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.
வரைபடத்தில் நான் காலையில் பச்சை அடித்த சாலைகளெல்லாம்
மறுபடி வெள்ளையாகியிருந்தன.

அப்புறம் வழித்தடம் நான்கு,
சோறு கேட்ட அதே மனுஷன்,
தொண்டையைச் செருமிக்கொண்டு:
"அந்த மூணுல சின்னவனுக்கு வயசென்ன?"
"பதினெட்டு."
"வலதா, இடதா?"
"இடது."
"ம்."
கொஞ்ச தூரம் சுரண்டினார்.
"பேரு?"

பதிவேட்டைப் பின்பக்கத்திலிருந்து திருப்பினேன்.
"சவிஞோன். நடுவில் ஒரு எழுத்துக்குத்
தலைமேல் சின்ன அலை."
"என்னது?"
"அலை."
"காத்து இரையுது, கேக்கல.
மெதுவா, முதல்லேருந்து சொல்லு."